ஓயா முதுமை இயக்கமும் என் வலது முட்டியும்

மாசி மாதம் ஒரு காலை, ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, அம்சவள்ளி எட்டு நாளாக விளைய வைத்திருந்த உப்பை நான் அரை நிமிடத்தில் கரைத்தேன். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். விழும்போதுகூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் விழுந்தேன்.

இருபத்தைந்து வயதிலிருந்து நான் மரக்காணம் உப்பள வரப்பில் ஓடுகிறவன். பம்பு ஷெட் வரை போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். நல்ல காலத்தில் இருபத்தாறு நிமிடம். அறுபத்து மூன்று வயதில் முப்பத்தெட்டு. அன்றைக்கு என் முன்னால் ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது. அது ஓடக்கூட இல்லை; ஏதோ வேலையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் இடைவெளி கூடிக்கொண்டே போனது எனக்குப் பொறுக்கவில்லை. வேகத்தைக் கூட்டினேன். வலது முட்டிக்குள் காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். அடுத்த கணம் நான் மடையை அடைத்திருந்த சேற்றின் மேல் கிடந்தேன். மடை உடைந்து, பக்கத்துப் பாத்தியின் நீர்த்த தண்ணீர் விளைந்த உப்பின் மேல் பாய்ந்தது. நாய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போயிற்று.

அம்சவள்ளி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"எழுந்திரிக்காத சார்! அங்கயே கெட! நீ எழுந்தா இன்னொரு பாத்தி போவும்!"

கிடந்தேன்.

"ஊர்ல ரோடே இல்லயா சார்? அம்மாம் பெரிய ஈ.சி.ஆர். போட்டு வச்சிருக்கான். இந்த ஒரு முழ வரப்புலதான் உன் ஒடம்பத் தூக்கிகினு வரணுமா?"

மறுநாள் நொண்டிக்கொண்டே போய், நானும் கூட உப்பு வாருகிறேன் என்றேன். அம்சவள்ளி பலகையைக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவரே என்னைக் கைத்தாங்கலாகக் கரையேற்றிவிட்டு, "உனுக்கு ஊழியம் பண்ணவா என்னை வேலைக்கு வச்சிருக்கான்?" என்று கேட்டார்.

அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த காசிலிங்கம் நல்ல மனிதர். கோபப்பட்டால்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"சார், எங்கப்பா காலத்துலேர்ந்து நீங்க ஓடறதப் பாக்கறேன். ஆனா இனிமே வரப்புல கால வைக்கணும்னா ஒண்ணு பண்ணுங்க. ஈ.சி.ஆர்.ல பெருசுங்களுக்குன்னு புதுசா ஒரு ஆபீஸ் தொறந்திருக்காங்க. டாக்டரெல்லாம் இருக்காங்களாம். ஓடலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க, ஓடுங்க. ஓடக்கூடாதுன்னு எழுதினா வீட்ல இருங்க. ரெண்டுல ஒண்ணு."

இரண்டில் ஒன்று. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சுலபமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை என்று நினைத்தேன்.

*

ஓயா முதுமை இயக்கம், மரக்காணம் பிரிவு, இரண்டு அறைகளும் ஒரு சாமியானாவும் கொண்டது. வாசலில் பெரிய பலகை. அதில் சுற்றறிக்கை எண் பதினேழை முழுதாக எழுதியிருந்தார்கள். மூத்தோரிடம் பணியாளர்கள் பேசக்கூடாத சொற்கள்: முடியாது, கூடாது, வேண்டாம், இல்லை, வயசாகிவிட்டது. மீறுவோரிடம் விளக்கம் கோரப்படும். பக்கத்தில் பூட்டிய கழிப்பறை. கதவில் ஒரு தாள்: "விரைவில் உங்களை வரவேற்போம்."

ஒருங்கிணைப்பாளர் வெங்கடாசலம் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார். பிறகு எழும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.

"வாங்க வாங்க சடையப்பன் ஐயா. இங்க நாங்க யாரையும் வயசானவங்கன்னு பாக்கறதில்லீங்க. சொல்லப்போனா நாங்க யாரையுமே பாக்கறதில்ல, பதிவேட்டத்தான் பாக்கறோம். அதனாலதான் எல்லாரையும் சமமா நடத்த முடியுது."

"எனக்கு ஒரே ஒரு கேள்விங்க. இந்த முட்டிய வச்சிகிட்டு நான் ஓடலாமா?"

"அருமையான கேள்வி," என்று அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "போன வருஷம் இந்தப் பிரிவுல எழுநூத்திப் பன்னெண்டு பேரு இந்த மாதிரி கேட்டாங்க. ஒருத்தருக்குக்கூட நாங்க முடியாதுன்னு சொன்னதில்ல. மாநிலத்துலயே முதலிடம்."

"அந்த எழுநூத்திப் பன்னெண்டு பேரும் இப்ப ஓடறாங்களா?"

"அது வேற துறைங்க," என்றார்.

டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கருத்த, அகன்ற தோள்கள். எழுபது வயதுக்கு மேல்.

"வரப்புல நாயோட பந்தயம் வுட்ட சார் நீங்கதான?"

"யாரு சொன்னது?"

"எங்க குப்பம் வரைக்கும் தெரியும். நாய்தான் ஜெயிச்சுதாம்?"

இப்படித்தான் மரியதாஸ் எனக்குப் பழக்கமானார். நாற்பது வருஷம் கட்டுமரமும் படகும் ஓட்டியவர். இப்போது வலை பின்னுகிறார். ஆனால் தினமும் விடிந்ததும் கடலில் இறங்கி ஆயிரம் கை போட்டு உள்ளே போவார். திரும்ப ஆயிரம் கை போட்டுக் கரைக்கு வருவார். பொழுதுபோக்குக்காக நீந்தும் ஒரே மீனவர் அவர்தான் என்று குப்பத்தில் கேலி பேசுவார்களாம். இரண்டு மாதமாக முந்நூறு கை தாண்டினால் நெஞ்சு இறுக்குகிறது. மனைவி சூசையம்மாள்தான் இங்கே அனுப்பி வைத்திருக்கிறார்.

டாக்டர் சரவணகுமார் என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த முட்டியில நெறைய அனுபவம் தெரியுதுங்க."

"ஜவ்வு இருக்குதுங்களா?"

"ஜவ்வு தன்னோட பங்களிப்பை சிறப்பா செஞ்சி முடிச்சிருக்குது."

"அப்ப ஓடலாமா, கூடாதா?"

கூடாதா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, "ஓட்டங்கிறது கால்லயா இருக்குது?" என்று கேட்டார். நான் அதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரியதாஸுக்கு மார்பில் குழல் வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். மூன்றாவது முறை வைத்துவிட்டு எடுக்க மறந்து நின்றார். நல்ல டாக்டர்தான் என்று அந்த முகத்தைப் பார்த்தபோது தோன்றியது. வாயைத் திறந்தார். அதற்குள் வெங்கடாசலம் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார்.

"நான் நீந்தலாமா டாக்டர்?" என்றார் மரியதாஸ்.

"கடல் எங்கயும் போயிடாதுங்க," என்றார் டாக்டர், காகிதத்தைப் பார்த்தபடி.

வெளியே வந்ததும் மரியதாஸ் கேட்டார். "அப்டின்னா இன்னா சார் அர்த்தம்?"

"எனக்கு ஓட்டம் கால்ல இல்லன்னு சொல்லிட்டாரு. உங்களுக்காவது கடல் இருக்குன்னு சொன்னாரே," என்றேன்.

பாண்டியில் ஒரு தனியார் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். ஓடலாமா என்ற கேள்விக்கு அவர் இரண்டு முட்டிக்கும் சேர்த்து ஆபரேஷன் தேதியைப் பதிலாகச் சொன்னார். திரும்பவும் இயக்கத்துக்கே வந்தேன்.

*

என் பழக்கத்தை வயதுக்கு ஏற்ப மாற்றித் தர ஒரு குழு அமைத்தார்கள். குழு மூன்று நாள் கூடிப் பேசி, எனக்கு இருக்கை ஓட்டம் சிபாரிசு செய்தது. சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விசில் ஊதியதும் இரண்டு கையையும் முன்னும் பின்னும் வீச வேண்டும். மூச்சு வாங்க வேண்டும். வாங்காதவர்களிடம் மூச்சு வாங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டார்கள். முதல் நாள் பதினாறு பேர் ஓடினோம். கிளியனூரிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நாற்காலியின் கால் ஒடிந்து கீழே விழுந்தார். அவரை "எல்லையைத் தாண்டியவர்" என்று அறிவித்து எல்லாரும் கைதட்டினோம்.

மரியதாஸுக்கு இருக்கை நீச்சல். பெஞ்சில் குப்புறப் படுத்துக் கையை வீச வேண்டும். பக்கத்தில் செல்போனில் அலைச் சத்தம் போட்டுவிட்டார்கள்.

"கடலு அந்தாண்ட கெடக்குது சார், காதுல கேக்குது," என்றார் அவர், பெஞ்சில் கன்னத்தை வைத்தபடி. "இவன் போன்ல வுடறான். போன்லயும் பாரு, இது நம்ம கடலு இல்ல. சத்தம் வேற மாரி இருக்குது."

"எண்ணிகிட்டு வர்றீங்களா?"

"எங்க எண்றது. நடுவுல விளம்பரம் வருது."

இரண்டாவது வாரம் எனக்குக் கையும் வலிக்க ஆரம்பித்தது. அதைச் சொன்னதும் குழு மறுபடி கூடி, பிரதிநிதி ஓட்டத்துக்கு என்னை உயர்த்தியது. இயக்கத்தின் ஜீப்பில் டிரைவர் தேவா என் எண் எழுதிய துணியை முன்கண்ணாடியில் கட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் போய்வருவார். அந்தத் தூரம் என் கணக்கில் சேரும். நான் சாமியானாவில் இருந்தபடி அதை மனதார அனுபவிக்க வேண்டும். தேவா போகும் வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, எட்டு நிமிடத்தில் திரும்பினார். வாழ்நாளில் என் மிகச் சிறந்த நேரம். டீ குடிக்காமல் இருந்தால் ஆறாக்கலாம் என்று நான் யோசனைகூடச் சொன்னேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைவிட வெட்கம், அடுத்த மாத இறுதியில் "இம்மாதச் சிறந்த ஓட்டக்காரர்" என்று பலகையில் என் பெயரை எழுதியபோது, அதைப் போட்டோ எடுத்து என் மனைவி மலர்கொடிக்கு அனுப்பினேன்.

"யாரு ஓடினது?" என்று பதில் வந்தது.

"தேவா."

"அவன் போட்டோவ அனுப்புங்க."

பெயர் எழுதிய அன்றைக்குத்தான் மரியதாஸ் டீக்கடைக்கு என்னைக் கூட்டிப் போனார். கடைக்கு மூன்று படி. மூன்றாவது படியில் நின்று, தூணைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் பார்த்தேன். பார்க்காததுபோல இரண்டு டீ சொன்னேன்.

"டைம் சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். இவனுங்க ரெண்டு மாசமா என்னைப் பெஞ்சுல நீஞ்ச வுடறானுங்க, ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்றானுங்க. நான் கடல்ல எறங்கலாமா, கூடாதா? நீங்க நாலு எடம் பாத்த மனுசன். நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரியும். படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வருஷமாக ஆயிரம் கை போட்டவரிடம் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. அதைவிடப் பெரிய காரணம், அன்று என் மனம் குளிர்ந்திருந்தது; அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

"உங்களுக்கென்ன மரியதாஸ்," என்றேன். "மீனுக்கு யாராவது நீச்சல் வேணாம்னு சொல்லுவாங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கடைக்காரரிடமும் அதைத் திருப்பிச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் சனிக்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு அவர் கடலில் இறங்கியதாகக் கரையில் வலை உலர்த்தியவர்கள் சொன்னார்கள். சத்தமாக எண்ணிக்கொண்டே போனாராம். ஏழு இருபதுக்கு ஒரு படகு அவரைக் கொண்டுவந்தது.

*

இயக்கத்தின் பதிவேட்டில் இறந்தவர்களுக்குக் கட்டம் கிடையாது. தொடர்கிறார், முன்னேறுகிறார், நிறைவு செய்தார் என்று மூன்றே கட்டங்கள். வெங்கடாசலம் தலைமையிடத்துக்கு எழுதிக் கேட்டு, பதினோராம் நாள் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார். மாநிலத்திலேயே பயிற்சியை நிறைவு செய்த முதல் உறுப்பினர் மரியதாஸ்தான் என்பது அப்போதுதான் தெரியவந்தது. விழா எடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இரங்கல் கூட்டம் என்று போடலாமா என்று ஒரு குமாஸ்தா கேட்டதற்கு விளக்கம் கோரினார்கள். அதனால் "மரியதாஸ் சாதனை ஓட்டம்" என்று பேனர் அடித்தார்கள். கொடியசைத்ததும் முதல் ஆளாக ஓடப்போவது, இம்மாதச் சிறந்த ஓட்டக்காரராகிய நான்.

"ஜீப்தான?" என்று கேட்டேன்.

"ஜீப்பு மேலதிகாரியக் கூட்டி வரப் போயிருக்குதுங்க," என்றார் வெங்கடாசலம். "இன்னைக்கு நீங்களே பிரதிநிதி."

"இந்த முட்டியோடவா? அஞ்சு கிலோமீட்டரா? என்னால ஓட முடியுமான்னு டாக்டர ஒரு வார்த்த கேளுங்களேன்."

டாக்டர் சரவணகுமார் தூரத்தில், பேனரின் கயிற்றைக் கட்டுவதுபோல நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டாவது முடிச்சும் போட ஆரம்பித்தார். உதவியாளர் ஒருவர் சான்றிதழ் கொண்டுவந்து கொடுத்தார். "இவரது வலது முழங்கால் உற்சாகமானது" என்று அதில் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். மார்பில் எண் ஒன்று எழுதிய துணியைக் குத்தினார்கள்.

மேடையில் சூசையம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைப் புடவை. கையில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருந்தார். மேலதிகாரி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். சூசையம்மாளின் உயரம் தெரியாமல் முகத்தின் மேலேயே போட்டுவிட்டார்; அவரே அதை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு வெங்கடாசலம் மைக்கைப் பிடித்தார்.

"மரியதாஸ் ஐயா கடைசி மூச்சு வரைக்கும் பயிற்சியக் கைவிடாதவர். நம்ம பிரிவுல சேர்ந்து ரெண்டே மாசத்துல அவர் இந்த நிலைய அடைஞ்சாரு. இதுக்குக் காரணம் நம்ம ஊக்கம்தான்னு நான் அடக்கத்தோட சொல்லிக்கறேன். அவர் நீந்தலாமான்னு கேட்டப்ப எங்க பணியாளர் ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. ஒருத்தர்கூட! மத்த உறுப்பினர்களும் ஐயாவோட வழியப் பின்பற்றணும்னு கேட்டுக்கறேன். இந்த வருஷக் கடைசிக்குள்ள இன்னும் இருபது பேராவது நிறைவு செய்யணும்கிறது நம்ம இலக்கு."

நாற்காலியில் இருந்த பதினாறு பேரும் கைதட்டினோம். நானும்தான். கை, பழக்கத்தில் தானாகத் தட்டிவிட்டது.

சூசையம்மாளின் கையில் ஒரு சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். "இதுல இன்னா எழுதியிருக்குது?" என்று அவர் கேட்டார். மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

"நீச்சலை வெற்றிகரமாக நிறைவு செய்தமைக்காக," என்று மேலதிகாரி படித்துக் காட்டினார்.

சூசையம்மாள் தலையசைத்தார். மேடையிலிருந்து இறங்கி, நான் உட்கார்ந்திருந்த தண்ணீர் கேன் மேஜைக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சட்டத்தைக் கவிழ்த்துக் கீழே வைத்தார்.

"நீங்கதான டைம் சாரு? அவுரு சொல்லினே இருப்பாரு. எந்தக் காலு?"

"வலதுங்க."

"நீட்டுங்க. இருபத்தாறு வருசம் பாண்டி ஆஸ்பத்திரில எலும்பு வார்டுல கட்டுப் போடறவங்களுக்குக் கூட நின்னவ நான். ம், மடக்குங்க." கட்டை விரலை முட்டிச் சில்லுக்குக் கீழே வைத்து அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன். "சத்தம் எப்பத்திலேர்ந்து?"

"மாசியில விழுந்ததுலேர்ந்து."

"அதுக்கு முன்னால?"

"ரெண்டு வருஷமா லேசா…"

"அப்ப ரெண்டு வருசம்னு சொல்லுங்க. படி எறங்கும்போது பக்கவாட்டுல எறங்கறீங்களா?"

"ஆமா."

கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இனிமே ஓட முடியாது சார்."

மூன்று மாதமாக அந்தச் சொல்லைத் தேடி அலைந்தவன், அது வந்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நடங்க. காலைல அரை மணி, சமமான தரையில, மெத்துனு ஒரு செருப்பு போட்டுகினு. வரப்பு வேணாம், கடல் மணலும் வேணாம். சைக்கிள் மிதிக்கலாம். இன்னைக்கு இவங்களுக்காவ ஓடினீங்கன்னா அதுவும் போயிடும், அவ்ளோதான்."

"இதத்தானுங்க நான் கேட்டேன்," என்றேன். "வீட்ல நீங்களே மரியதாஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமயா இருப்பேன்? பொண்டாட்டி சொன்னா எந்த ஆம்பள கேட்டான்? வெளியாளு ஒருத்தர் சொல்லட்டும்னுதான் இங்க அனுப்பினேன்."

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மார்பிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மறுபடி கூப்பிட்டார்கள். துணியை மடித்துத் தண்ணீர் கேனுக்கு அடியில் வைத்தேன்.

மரியதாஸ் போனதிலிருந்து நான் பலரிடம் கேட்டும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. மலர்கொடியிடம் கேட்டேன்; அவரவர் விதி என்றாள். காசிலிங்கத்திடம் கேட்டேன், கடலுக்குப் போறவன யாருங்க தடுக்க முடியும் என்றார். வெங்கடாசலத்திடமும் கேட்டேன், அவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

"அம்மா, சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி என்கிட்டயும் கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சிருந்துது. சிரிப்பு காட்டி அனுப்பிட்டேன். அன்னைக்கு நான் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டிருப்பாரா?"

சூசையம்மாள் பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். என் கண்ணைப் பார்த்தார்.

"கேட்டிருப்பாரு," என்றார்.